கல்வீடு, இலைவீடு

தை பிறந்தால் வால்பாறையில் ஓடைகள் தெளிந்துவிடும். தென்மேற்குப் பருவமழையில் சிவந்து புரண்ட தண்ணீர் அப்போதுதான் அடியைக் காட்டும். எங்கள் லயன் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவில் இறங்கி, சோலையோரமாகவே போய்க் கூழாங்கல் ஆற்றில் சேரும் ஓடை ஒன்று இருந்தது. கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா பொங்கலுக்கு வந்தால் வெள்ளை எனாமல் தட்டோடு என்னை அங்கே கூட்டிப்போவார்.

"கல்லை மெதுவாப் பெரட்டு. பாத்துட்டு, இருந்த மாதிரியே வச்சிடணும்."

தட்டில் விட்டதும் முதலில் வாலைப் பார்க்கச் சொல்வார். பெரும்பாலும் மூன்று வால் என்றால் மே ஈயின் இளம்பருவம்; இரண்டு என்றால் கல் ஈ. வாலே இல்லாமல், தலையை ஒட்டி மூன்று ஜோடிக் கால்களும் பின் நுனியில் ஒரு ஜோடிக் கொக்கிகளும் இருந்தால் அது கேடிஸ் புழு. இந்த மூன்று வகைப் பூச்சிகளையும் கணக்கெடுத்து ஓடையின் நலத்தை மதிப்பிடுகிறார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன்.

கேடிஸ் என்று தெரிந்தபின் அதில் எந்த வகை என்று பார்க்க வேண்டும். அதற்கு அது கட்டும் வீட்டைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நீர் விசையாகப் பாயும் கல்லிடுக்கில் இருப்பது கூட்டைச் சுமந்து திரிவதில்லை; நீரோட்டத்துக்கு எதிரே வலை கட்டி, வந்து சிக்குவதைத் தின்னும். அதன் வயிற்றுப்புறத்தில் செவுள்கள் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும். தேங்கிய மூலையில், மட்கிய சருகுகளுக்கு நடுவே ஒரு சருகுத் துண்டு மட்டும் தானாக நகரும். இலையில் நீள்வட்டமாக இரண்டு துண்டு வெட்டி, பெரியது மேலே, சிறியது கீழே என ஒட்டி, நடுவில் புழு படுத்திருக்கும். எனக்கு இதுதான் உயிர்.

இன்னொன்று மணலைக் கோத்துச் சுருள் சுருளாக நத்தை ஓடே கட்டிவிடும். அமெரிக்காவில் ஐசக் லீ என்ற அறிஞர் 1834-ல் அந்த இனத்துக் கூட்டை நத்தை என்றே விவரித்துப் பெயர் வைத்தார். அந்த அளவுக்கு நேர்த்தி! கீழுதட்டிலிருந்து வரும் பட்டுநூல்தான் அதற்குச் சாந்து. மழைக்கு எங்கள் வீட்டுச் சுவர்ப் பூச்சு பெயர்ந்து விழும் ஊரில், தண்ணீருக்குள்ளேயே ஒட்டிப் பிடிக்கும் அந்தச் சாந்தை நான் இன்றும் வியக்கிறேன்.

வளர்ந்த புழு கூட்டைக் கல்லில் ஒட்டி, வாயை அடைத்துக்கொண்டு உள்ளேயே உருமாறும். பிறகு கடித்துத் திறந்து நீந்தி மேலே வரும். ஒருநாள் சாயங்காலம் வாசல் விளக்கில் மொய்த்த பழுப்புப் பூச்சிகளை அம்மா அந்துப்பூச்சி என்று விளக்குமாற்றால் தள்ளப் போனார். சிறகுகளை ஓட்டுக்கூரை போலச் சரித்து, நீண்ட உணர்கொம்புகளை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தன.

"இருங்க அண்ணி, அந்துக்குச் செறகுல தூள் இருக்கும். இதுக்கு மயிருதான். ஓடையில கல்லுவீடு கட்டினது இதுதான்."

"இம்புட்டு நாளா இதையா கூட்டித் தள்ளினேன்?" என்றார் அம்மா. அப்புறம் அந்தப் புழுக்கள் என்ன தின்னும், எங்கே முட்டையிடும் என்று சித்தப்பாவை விடாமல் கேட்டார். மறுநாள் ஓடைக்கு மூன்று பேராகப் போனோம்.