28 ஆண்டு யார் போட்ட கணக்கு?

வழக்கு என்னவோ சாதாரணப் பண வழக்குதான். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை மல்யுத்தத்தைப் பற்றி என் கட்சிக்காரர் ஒரு பதிப்பகத்துக்குப் புத்தகம் எழுதிக் கொடுத்திருந்தார். முன்பணம் ஒழுங்காக வந்தது. மீதியைக் கேட்டதும், "தகவல் பிழை இருக்கிறது, ஒப்பந்தப்படி தர வேண்டியதில்லை" என்று பதில் நோட்டீஸ் வந்தது. பிழை என்று அவர்கள் காட்டியது ஒரே வாக்கியம். ஃபேபுலஸ் மூலா என்ற வீராங்கனை 28 ஆண்டு தொடர்ந்து உலகச் சாம்பியனாக இருந்தார் என்று டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிறுவனமே சொல்லும்போது, இவர் அதை மறுத்து எழுதியிருந்தார்.

நான் நிலத் தகராறுகளிலேயே ஊறியவன். அந்தப் பழக்கத்தில், தாய்ப்பத்திரம் தேடுவதுபோல இந்தப் பட்டம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். 1954-ல் வில்லங்கம் தட்டுப்பட்டது.

மில்ட்ரெட் பர்க் 1937-ல் கிளாரா மார்ட்டென்சனை வீழ்த்திப் பட்டம் பிடித்தவர். அவருடைய மேனேஜர் பில்லி வுல்ஃப்தான் கணவரும். பெண் மல்யுத்தத் தொழில் கிட்டத்தட்ட முழுக்க அவர் பிடியில் இருந்தது. இருவரும் விவாகரத்து வாங்கிய பிறகு, 1954 ஆகஸ்ட் 20 அன்று அட்லாண்டாவில் பர்க்கை எதிர்த்து ஜூன் பையர்ஸ் களமிறங்கினார். பையர்ஸ், வுல்ஃபின் மகனைக் கட்டியவர். வெற்றி தோல்வியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் தொழில் அது. அன்றைக்கு மட்டும் இருவரும் நிஜமாகவே மோதினார்கள். மூன்று ஃபாலில், அதாவது மூன்று சுற்றில், இரண்டை எடுக்க வேண்டும் என்பது விதி. முதல் ஃபால் பையர்ஸுக்குப் போனது. இரண்டாவது முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போக, ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஃபாலுக்காகப் பட்டம் போகாது என்றார் பர்க். வுல்ஃப் தரப்பு பையர்ஸைச் சாம்பியன் என்று அறிவித்தது. என்னைக் கேட்டால் பர்க் சொன்னதே நியாயம். இரண்டு என்று எழுதிவிட்டு ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பர்க் தன் பட்டத்தை விடாமல் ஜப்பானுக்குக் கொண்டுபோனார். பையர்ஸ் 1964-ல் ஓய்வு பெறும்வரை பல ஊர்களில் சாம்பியனாகவே விளம்பரப்படுத்தப்பட்டார். இதற்கு நடுவில், 1956 செப்டம்பர் 18 அன்று பால்டிமோரில் பலர் ஒன்றாக மோதிய போட்டியில் வென்று மூலாவும் உலகச் சாம்பியன் ஆனார். ஒரே மனைக்கு மூன்று பட்டா!

பதிப்பக மேலாளர் கூண்டில் ஏறினார்.

"28 வருஷம்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"அந்தக் கம்பெனி வெப்சைட்லயே இருக்கு சார்."

"அந்தக் கம்பெனி எப்ப ஆரம்பிச்சது?"

தெரியவில்லை. அவர்களே தாக்கல் செய்திருந்த அச்சு நகலில் 1963 என்று இருந்தது. "அப்ப 1956-லேருந்து ஏழு வருஷம் யார் கணக்கு?" என்றேன். பதில் இல்லை. 1966-ல் பெட்டி பௌச்சரிடமும், 1968-ல் ஜப்பானில் யுகிகோ டோமோயேவிடமும், 1978-ல் ஈவ்லின் ஸ்டீவன்ஸிடமும் மூலா பட்டத்தை இழந்து திரும்பப் பெற்றதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "தெரியாது" என்றார். பட்டத்தின் உரிமையை அந்த நிறுவனத்துக்கு விற்றதே மூலாதான். 1984 ஜூலை 23 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் வெண்டி ரிக்டரிடம் தோற்றார். 84-லிருந்து 56-ஐக் கழித்தால் 28. அவ்வளவுதான் சமாச்சாரம்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இவங்க தோத்ததெல்லாம் பேசி வச்சுத் தோத்ததுதானே?" என்று கேட்டார்.

"ஆமாம் யுவர் ஆனர். ஜெயிச்சதும் அப்படித்தான்."

கோர்ட்டே சிரித்தது.

எங்களிடமும் பழைய பத்திரிகைச் செய்திகள்தான் இருந்தன. பத்திரிகைச் செய்தி கேள்விச் சாட்சியம். அதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதனால் யார் உண்மையான சாம்பியன் என்பதற்குள் நான் போகவே இல்லை. பிழை என்று சொல்லிப் பணத்தை நிறுத்தியவர்கள்தான் பிழையை நிரூபிக்க வேண்டும் என்று மட்டும் வாதிட்டேன். நீதிபதி அதை ஏற்றார். மீதித் தொகையை ஆண்டுக்கு 6 சதவீத வட்டியோடும் வழக்குச் செலவோடும் கொடுக்கும்படி தீர்ப்பானது. எதிர்த்தரப்பு அப்பீல் போகவில்லை.