தீவுக்குப் போகும் யோசனை

பிரயாணத்தில் எந்தப் பகுதி இன்பமானது என்று கேட்டால், புறப்படுவதற்கு முந்திய பகுதிதான் என்று சொல்வேன். யோசனை செய்கிற காலத்தில் எல்லா வண்டியும் நேரத்துக்கு வருகிறது; எல்லா அறையின் ஜன்னலும் கடலைப் பார்த்தே இருக்கிறது; பில் மட்டும் வருவதில்லை. ஆனால் கூட ஐந்து வயதுக் குழந்தை ஒன்று வருகிறதென்றால் இந்த இன்பத்தில் பாதி போய்விடும். எது எது கெட்டுப்போகலாம் என்று ஜாபிதா போடுகிற காரியமாக அது மாறிவிடும்.

எங்கள் ஊர் பழையசீவரம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். பெயருக்கு மூன்று ஆறுகள். வருஷத்தில் பல மாதங்கள் மூன்றிலும் மணல்தான். மழைக்காலத்தில் நாலு நாள் தண்ணீர் ஓடினால் ஊரே கரைக்கு வந்து பார்க்கும். அப்படிப் பார்க்கப் போனபோதுதான், ஆற்று நடுவில் கோரைப்புல்லோடு நின்ற மணல் திட்டைக் காட்டி என் பெண் கேட்டாள்:

"அப்பா, அது தீவா?"

"ஆமாம், சுற்றிலும் தண்ணீர் இருந்தால் தீவுதான்."

"அங்கே யார் இருக்காங்க?"

"கொக்கு."

கொக்கு மட்டும் இருக்கிற தீவு அவளுக்குப் போதவில்லை. தென்னை மரம் இருக்கிற, கப்பலில் போகிற தீவு வேண்டுமாம். "போகலாம்" என்று சொல்லிவைத்தேன். குழந்தைகளிடம் "போகலாம்" என்பது புரோநோட்டு எழுதிக் கொடுப்பது மாதிரி. தவணை தவறாமல் காலையிலும் மாலையிலும் கேட்டாள்.

முதலில் ராமேசுவரம் என்று பேச்சு எடுத்தோம். பாம்பன் அசல் தீவு, புண்ணியமும் உண்டு, செலவும் கையைக் கடிக்காது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் வழியாக ரயிலிலேயே போய் இறங்கிவிடலாம் என்று ஆசை காட்டினேன். அவள் யோசித்துவிட்டு, "ரயில் போனால் அது எப்படித் தீவு?" என்றாள். பூகோளப் புத்தகம் எழுதியவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கலாம், என்னிடம் இல்லை. லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, கொச்சி வழியாகப் போகவேண்டும். மாலத்தீவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். என் வருமானத்துக்கு அதைவிட முக்கியமான வேறொன்றும் வேண்டும். கடைசியில் அந்தமான் என்று முடிவாயிற்று.

என் தாயாருக்கு அந்தமான் என்றால் இன்னும் ஜெயில்தான். "என்ன தப்புப் பண்ணீங்கன்னு அங்கே போறீங்க?" என்று கேட்டாள். 1906-ல் கட்டி முடித்த அந்தச் செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளில் மூன்றுதான் இப்போது நிற்கின்றன, அதையும் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிறார்கள், தெருவில் இறங்கினால் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய உண்டு என்றெல்லாம் சொன்னேன். 1025-ஐ ஒட்டி ராஜேந்திர சோழன் கப்பல் படை அனுப்பியபோது கொண்ட இடங்களில் மாநக்கவாரம் என்று வருவது அந்தமானுக்குத் தெற்கே உள்ள நிக்கோபார்தான் என்றும் சொன்னேன். சோழன் போனான் என்பது அவளை அசைக்கவில்லை. "அம்மா, காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாளே பொங்கலுக்கு நம் ஊருக்குப் பார்வேட்டைக்கு வருகிறார். பெருமாளே கோயிலை விட்டு வெளியூர் போய்வரும்போது நாம் போனால் என்ன?" என்றேன். அதற்கு அவளிடம் பதில் இல்லை.

கப்பலா விமானமா என்பது அடுத்த கேள்வி. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் இரண்டரை மணிக்குள் போய்விடலாம். கப்பல் என்ற சொல்லில் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. ஆனால் பெரியவர்களுக்கே குமட்டுகிற கடலில், உப்புமாவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற குழந்தையை மூன்று நாள் வைத்துக்கொள்வதை நினைத்தேன், மயக்கம் தெளிந்தது. போவது விமானத்தில், பக்கத்துத் தீவுக்குப் போகிற இரண்டு மணி நேரம் மட்டும் கப்பல். குழந்தையின் நிபந்தனையும் நிறைவேறிவிடும்.

காலம் எது என்று பார்த்தேன். அந்தத் தீவுகளுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மே மாதம் பிடித்தால் வருஷக் கடைசி வரையில் விட்டுவிட்டுப் பெய்யும். கடல் அமைதியாக இருப்பது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. ஆகையால் பிப்ரவரி. இன்னொரு விசேஷம்: தீவுகள் நமக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் நம் கடிகாரந்தான். மாலை ஐந்தரைக்கெல்லாம் அங்கே சூரியன் இறங்கிவிடும். "சாயங்காலம் கடற்கரைக்குப் போகலாம்" என்று மெரீனாக் கணக்குப் போடுகிறவன் இருட்டில்தான் போய் நிற்பான்.

இவ்வளவையும் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடிய மௌனம் அல்ல அது. எனக்குக் காரணம் தெரியும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. கல்பாக்கத்துக்குப் பக்கத்தில், கடலோரத்தில், சித்தப்பா வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருந்தாள். சித்தியின் நாலு வயதுப் பையன் காலையிலேயே கடலுக்குப் போகவேண்டும் என்று அடம் பிடித்தான். இவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, "குளிச்சிட்டு வரேன்டா" என்று சொல்லியிருக்கிறாள். குளித்துவிட்டு வாசலுக்கு வந்தபோது தெருவில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். முழங்காலுக்கு வந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தது. பிடித்திருந்த கை வழுக்கி நழுவிவிட்டது. அடுத்த நிமிஷம் அவள் கைக்கு அகப்பட்டது அவன் சட்டையின் காலர். அதைப் பற்றி இழுத்துக்கொண்டு ஒரு மாடிப்படிக்கு வந்து சேர்ந்தாள்.

பையன் இப்போது சென்னையில் உத்தியோகம் பார்க்கிறான். அவனுக்கு ஒன்றும் நினைவில்லை. இவளுக்குத்தான் நினைவு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமல்லபுரத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறோம். இரண்டு தடவையும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிற்பம் பார்த்தவள் அவள்.

அவளுக்குத் தைரியம் சொல்லலாம் என்று நான் கொஞ்சம் படித்தேன். அன்று சுமத்ராவுக்குப் பக்கத்தில் பூமி அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் காலை ஆறரை மணி. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் கரையிலிருந்தவர்களுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு அன்றைக்கு இல்லை. 2007-ல் அதற்கென்றே ஹைதராபாத்தில் ஓர் எச்சரிக்கை மையம் ஏற்பட்டு, கடலுக்கடியில் அதிர்ச்சி எங்கே என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதை அவளிடம் சொன்னேன்.

"ஹைதராபாத்திலே மணி அடிச்சா, தண்ணியிலே நிக்கிற எனக்குக் கேக்குமா?" என்றாள்.

கேள்வி நியாயமானது. அந்தமானும் நிக்கோபாரும் அதிர்ச்சி உண்டாகிற இடத்துக்கு வெகு அருகில் இருக்கின்றன. நமக்குக் கிடைத்த இரண்டு மணி அவகாசம் அங்கே இல்லை. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலமே நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோய், கலங்கரை விளக்கின் அடியில் கடல் வந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் பூமி பலமாக அதிர்ந்தால் அதுவே மணி. கடல் சட்டென்று உள்வாங்கினாலும் அதுவே மணி. யாரும் சொல்லக் காத்திராமல் மேட்டுக்கு ஏறிவிடவேண்டும். இதைத்தான் மறுநாள் அவளிடம் சொன்னேன். "பயப்படாதே" என்று சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "தங்கற இடம் மேட்டிலே இருக்கணும்" என்றாள். பத்து நாளில் அவள் அந்தப் பிரயாணத்தைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது.

நல்ல வேளையாக, 2024 வரை போர்ட் பிளேராக இருந்து இப்போது ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட அந்த ஊர், ஏற்றமும் இறக்கமுமான ஊர். மேட்டில் ஒரு விடுதி பார்த்தோம். அங்கே மூன்று இரவு. முன்னே ஹாவ்லாக் என்றிருந்த ஸ்வராஜ் தீவில் ஒரே இரவு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பெரிய ஆஸ்பத்திரி விஜயபுரத்தில்தான் இருக்கிறது. எங்கள் ஊருக்கு அக்கரையில் திருமுக்கூடல் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை, வைத்தியர், சத்திர சிகிச்சை செய்கிறவர், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் என்று எல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறது. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே அவ்வளவு முன்யோசனை இருந்த ஆற்றங்கரையிலிருந்து புறப்படுகிறவர்கள் வெறுங்கையோடு போகலாமா? டாக்டரிடம் குழந்தையைக் காட்டி, குமட்டலுக்கும் காய்ச்சலுக்கும் அவள் எடைக்குத் தகுந்த மருந்து எழுதி வாங்கியாயிற்று. உப்பு சர்க்கரைப் பொட்டலம், கொசுவலை, மணல் ஈ கடிக்காமல் தடவ எண்ணெய், பவளப்பாறை காலைக் கிழிக்காமல் ரப்பர் செருப்பு, விமானம் இறங்கும்போது காது அடைக்காமல் இருக்க ஆரஞ்சு மிட்டாய். உப்புநீர் முதலை இருக்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். பலகை உள்ள இடத்தில் காலையும் நனைப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

இரண்டு விஷயங்களைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லவேண்டியிருந்தது. ஒன்று, கரையில் கிடந்தாலும் பவளத் துண்டு எடுத்துவரக் கூடாது. அது சட்ட விரோதம். பையைத் தயாராக வைத்திருந்தவள் இதைக் கேட்டு அழுதாள். "பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டால், அடுத்த பாப்பா வந்து பார்க்கும்" என்றேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டாள். இன்னொன்று, ஜாரவா மக்கள் வாழும் காட்டின் வழியாகப் போகிற சாலையில் நாங்கள் போகப்போவதில்லை. அந்தச் சாலையை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருந்தும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. "ஏன் போகலை?" என்றாள். "நம் வீட்டு வாசலில் தினமும் நூறு பேர் வண்டியில் வந்து, பாட்டி தலை வாருவதை எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்?" என்றேன். உள்ளேயிருந்து என் தாயார், "நன்னாச் சொல்லு" என்றாள்.

டிக்கெட்டு வாங்கியாகிவிட்டது. இரண்டு வயது கடந்துவிட்டதால் குழந்தைக்கும் தனி ஆசனம், தனிப் பணம். மூட்டை கட்டுகிற பொறுப்பை மனைவி ஏற்றுக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள். அதில் ஒரு வரி: "பாப்பாவுக்குக் காலர் வைத்த சட்டை, நாலு."

எங்கள் பெண் கவுனைத் தவிர வேறொன்றும் போடுகிறவள் அல்ல. நேற்று வாலாஜாபாத்தில் தையற்காரரிடம் துணி கொடுத்திருக்கிறாள். சின்னப் பெண்ணுக்குக் காலர் எதற்கம்மா என்று அவர் கேட்டாராம். "கெட்டித் துணியா வச்சு, ரெட்டைத் தையல் போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.