அப்பாவின் மெயின் ஃபால்ஸ்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசி ஆட்டோக்காரர்களின் நாக்கில் இங்கிலீஷும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவரும் அப்படித்தான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆனால் வெளிமாநிலத்துக்காரர்களிடம், “மெயின் ஃபால்ஸ், ஃபைவ் ஃபால்ஸ், ஓல்டு குற்றாலம்” என்று மூச்சுவிடாமல் அடுக்குவார்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அதில் கொஞ்சம் வெட்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் இருக்கும் ஆச்சி வீட்டுக்குப் போக அப்பா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னால் சவாரி. “வாட்டர் வெரி கோல்டு” என்றார் அவர்.

“அப்பா, ‘இஸ்’ஸை விட்டுட்டீங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் பேரருவி வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

அவர் பேசியது தமிழ்க் கணக்கு. ‘தண்ணி ரொம்ப ஜில்லு’ என்றால் நமக்கு முடிந்தது. இங்கிலீஷில் நடுவே ‘இஸ்’ வேண்டும்.

அன்று இரவு வீட்டுப்பாடம். பெயருக்கு முன்னால் நிற்கும் அட்ஜெக்டிவை, அதாவது பெயரடையைப் பின்னால் வைத்து எழுத வேண்டும். ‘கோல்டு வாட்டர்’, ‘தி வாட்டர் இஸ் கோல்டு’ ஆனது. ‘மெயின் ரோடு’ வந்தது. ‘தி ரோடு இஸ் மெயின்’ என்று எழுதி, சத்தமாக வாசித்தாள்.

காக்கிச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மெயின் ஃபால்ஸ்னுதான் எல்லாரும் சொல்லுதாங்க பிள்ள. ஃபால்ஸ் இஸ் மெயின்னு ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லையே.”

மறுநாள் டீச்சர் சொன்னதும் அதேதான். பெரும்பாலான அட்ஜெக்டிவ்கள் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். ‘மெயின்’ முன்னால் மட்டும்தான். ‘அஸ்லீப்’ நேர்மாறு. ‘தி சைல்டு இஸ் அஸ்லீப்’ சரி, ‘அஸ்லீப் சைல்டு’ தப்பு. தமிழில் ‘பெரிய’ என்பது பின்னால் போனால் உருவம் மாறும்: அருவி பெரியது, தாத்தா பெரியவர். இங்கிலீஷில் உருவம் மாறாது. ஆனால் சில சொற்கள் இடம் மாற மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

“அந்தக் கணக்கை நீ மட்டும் விட்டு வெச்சிருக்கியே, யாரு சொன்னா?” என்று டீச்சர் கேட்டார்.

“எங்கப்பா” என்றாள், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.

அடுத்த ஞாயிறும் பின்னால் சவாரி. “வாட்டர் இஸ் வெரி கோல்டு” என்று ‘இஸ்’ஸை அழுத்திச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தார்.

இப்போது அவள்தான் சிரித்தாள்.