பழைய ஆயிலை எங்க குடுக்குறது?

இன்னைக்கு நம்ம டீசல் வேனுக்கு நானே ஆயில் மாத்துனேன்.
படுக்கை, அடுப்பு, தண்ணி டேங்க்னு வீடாவே மாத்தி வச்சிருக்கிற வண்டி.
அடுத்து வாகமண் போறோம். 2022ல கேரளாவோட முதல் கேரவன் பார்க் வந்தது அங்கதான்.

இஞ்சினைக் கொஞ்சம் சூடாக்கி, அடி போல்ட்டைக் கழட்டுனா கருகருன்னு இறங்குது.
டீசல் இஞ்சின்ல கரி சேரும். அதனால புது ஆயிலும் சீக்கிரமே கருத்துரும், பயப்படாதீங்க.

புது ஃபில்டரோட ரப்பர் வளையத்துல விரலால ஆயில் தடவி, கையாலயே இறுக்கணும்.
ஸ்பேனர் போட்டு முறுக்குனா அடுத்த தடவை கழட்டுறதுக்குள்ள உசிரு போயிரும்.
டீசல் ஃபில்டர்ல தங்குற தண்ணியையும் இறக்கி விட்டுருங்க.

அந்தக் கருப்பு கையில ஒட்டுனதும் அப்படி ஒரு சந்தோசம்!

ஆனா பழைய ஆயில்?
கரையானுக்குன்னு கம்பத்துல அடிக்கிறாங்க, வேலியோரம் ஊத்துறாங்க.
சட்டப்படி அது அபாயக் கழிவுங்க.
நம்ம வடகரப்பதி மழை மறைவுப் பகுதி. போர்த்தண்ணிய நம்பித்தான் தென்னையும் நாமளும்.
மண்ணுல ஊத்த மனசே வரல.

கேன்ல புடிச்சு மூடி வச்சிருக்கேன்.
வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் இதை முறையா வாங்கிச் சுத்திகரிப்புக்கு அனுப்புறவங்க யாராச்சும் தெரியுமா?