நாடு என்கிற சொல்

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பேருந்தின் பெயர்ப்பலகையில் ‘புதூர்நாடு’ என்று எழுதியிருக்கும். அம்மலையில் நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்றும் ஊராட்சிகள் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் ஊருக்கு மேலும் வளநாட்டுக்குக் கீழுமாக வருகிற ‘நாடு’ என்னும் பகுப்பை இருபது ஆண்டுகளாக வகுப்பில் விளக்கி வருகிறேன். அச்சொல் ஒரு பேருந்துப் பலகையில் இன்னும் உயிரோடிருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைக்க வைத்தது ஒரு கால்பந்தாட்டம்.

2018ஆம் ஆண்டு மாசி மாதம், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவர்களுடன் ஏழு நாட்கள் அம்மலையில் தங்கியிருந்தேன். பகலில் துப்புரவுப் பணி. மாலையில், சாமை அறுத்து வெறுமையாய்க் கிடந்த மேட்டு நிலத்தில், விடுதிப் பையன்களோடு பந்தாட்டம். ஐந்தாம் நாள் போட்டியாகவே நடத்திவிடலாம் என்றேன். பையன்கள் மூன்று அணிகளாகப் பிரிந்தார்கள். எங்கள் மாணவர்கள் நான்காவது அணி. பெயர் கேட்டபோது, புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

“அதெல்லாம் ஊர்ப் பெயரப்பா. நாட்டுப் பெயராகச் சொல்லுங்கள். பிரேசில், ஜெர்மனி, அர்ஜென்டினா என்று.”

“அதுவும் நாடுதானே சார்?” என்றான் ஒருவன். பதினான்கு வயது இருக்கும்.

நான் பதில் சொல்லவில்லை. குறிப்பேட்டில் பிரேசில், ஜெர்மனி, அர்ஜென்டினா என்று எழுதிக்கொண்டு விசிலை ஊதினேன். ஆட்டம் முழுக்க வரப்பில் நின்ற பையன்கள் தத்தம் நாட்டின் பெயரைச் சொல்லித்தான் கூவினார்கள். பரிசளிக்கும்போது “பிரேசில்!” என்று அழைத்தேன். சற்று நேரம் யாரும் எழுந்து வரவில்லை. தங்களைத்தான் அழைக்கிறேன் என்பது அவர்களுக்கு நினைவில்லை.

அவ்வாண்டு சூனில் லண்டனில் நடந்த ஒரு போட்டியைப் பற்றிப் படித்தேன். ஃபிஃபாவில் இடமில்லாத நாடுகளுக்கும் இனக்குழுக்களுக்கும் என 2013இல் தொடங்கப்பட்ட கோனிஃபா அமைப்பின் உலகக் கோப்பை அது. பதினாறு அணிகள். திபெத் இருந்தது, வட சைப்ரஸ் இருந்தது, தமிழீழம் என்ற பெயரிலும் ஓர் அணி இருந்தது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின், புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் அப்பெயர் தாங்கிய சட்டையோடு ஓடினார்கள். கோப்பைக்கு அருகில்கூட அவர்கள் வரவில்லை. ஆனால் அங்கே அவர்களிடம், “இது நாட்டுப் பெயரல்ல, வேறு வை” என்று எவரும் சொல்லவில்லை. அதைப் படித்த இரவில் அந்தப் பையனின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

இரண்டும் ஒன்றல்ல என்று அறிவேன். மலைப்பையன்கள் தனியரசு கேட்கவில்லை, கொடி கேட்கவில்லை. ஆயினும் ஒருவர் தம்மை எந்தப் பெயரால் அழைத்துக்கொள்ளலாம் என்பதைப் பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் தீர்மானிக்கிறார் என்ற இடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. அன்று அந்த இன்னொருவன் நான்.

‘உண்மையான’ நாடு எது என்று எனக்கிருந்த உறுதியும் பிறகு தளர்ந்தது. ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை முதன்முதலில் 1960இல் நடந்தது. பாரிசில் நடந்த இறுதியாட்டத்தில் சோவியத் ஒன்றியம் யூகோஸ்லாவியாவை 2-1 என வென்றது, செக்கோஸ்லோவாக்கியா மூன்றாமிடம். மூன்றுக்கும் கொடியும் நாட்டுப்பண்ணும் ஐ.நா.வில் இருக்கையும் இருந்தன. இன்று மூன்றுமே இல்லை.

அங்கீகாரம் இல்லாதவர்களுக்கும் ஓர் ஐரோப்பியக் கோப்பை உண்டு. 2019இல் கோனிஃபா அதை ஆர்ட்சாக்கில், அதாவது நாகோர்னோ-கராபாக்கில், நடத்தியது. தெற்கு ஒசேத்தியா வென்றது. 2023 செப்டம்பரில் அசர்பைசானின் தாக்குதலுக்குப் பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் அம்மண்ணை விட்டு வெளியேறினர். 2024 சனவரி முதல் நாளோடு அந்தக் குடியரசு கலைக்கப்பட்டது. விருந்தினரை அழைத்துக் கோப்பை நடத்திய நாடு, ஐந்தாண்டுக்குள் இல்லாமல் போயிற்று. முன்னவை சட்டப்படி இருந்து மறைந்தன. இது சட்டத்தின் கண்ணில் படாமலே இருந்து மறைந்தது. வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்பட்டவர்களுக்கு இந்த வேறுபாடு என்ன ஆறுதல் தந்திருக்கும்?

தேசம் என்பது கற்பனை செய்யப்பட்ட ஒரு சமூகம் என்று பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் எழுதிய நூலை நானும் மேற்கோள் காட்டியிருக்கிறேன். கற்பனை என்றால் பொய் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் அப்படிப் புரிந்துவைத்திருந்தேன் போலும். அதுவும் பிறருடைய நாடுகளுக்கு மட்டும்.

இப்போது ‘நாடு’ பற்றிய பாடத்தைக் கல்வெட்டிலிருந்து தொடங்குவதில்லை. திருப்பத்தூர்ப் பேருந்திலிருந்து தொடங்குகிறேன். மலையிலிருந்து வந்து படிக்கிற ஒன்றிரண்டு மாணவர்கள் அப்போது நிமிர்ந்து பார்ப்பதுண்டு.

அந்த முகாமின் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. போட்டியில் வென்ற அணி பிரேசில் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அது பிழை. வென்றது நெல்லிவாசல்நாடு.