பொன்மீனும் எங்கள் நிறமும்

பாக்டீரியாவின் உடலுக்குள், அதன் குரோமோசோமைச் சாராமல் தனித்துத் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் சிறு டி.என்.ஏ. வளையத்திற்கு 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க் இட்ட பெயர் பிளாஸ்மிட். ஒரு மரபணுவை அவ்வளையத்தில் ஒட்டிவிட்டால், பாக்டீரியா பெருகப் பெருக அதுவும் பெருகும். மரபணுவின் நுனியில் ஓர் அடையாளத் துண்டையும் சேர்த்தால், அது ஆக்கும் புரதம் செல்லுக்குள் எங்கே போய்த் தங்குகிறது என்று கண்டுகொள்ளலாம். மேயப்போகும் மாட்டின் கழுத்தில் மணி கட்டுவது போன்ற ஏற்பாடுதான்.

அவ்வாறு மணி கட்டப்பட்ட மரபணு ஒன்றின்மீது எங்களுக்குத் தனிப்பட்ட ஈடுபாடு உண்டு. நாங்கள் உடன்பிறந்த சகோதரிகள் இருவர், நிறத்தால் வேறுபட்டவர்கள். தாயின் வயிற்றில் இருக்கையிலேயே குங்குமப்பூப் பாலும், பிறந்தவுடன் காதுமடலைப் பார்த்து நிறம் சொல்லும் கிழவிகளும் வாய்த்த வீடு எங்களுடையது. ஒருத்திக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் மற்றவளைப் பற்றி விசாரித்துச் சென்றதும் உண்டு. அதன்பின் பல மாதங்கள் நாங்கள் ஒருவரோடொருவர் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இருவரில் எவரும் செய்யாத ஒன்றுக்காக.

வரிக்குதிரை மீன் நம் துணைக்கண்டத்தின் மீன். கங்கையின் மீன்களைப் பற்றி 1822இல் எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதை அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு விலங்காக்கினார். அவற்றுள் கோடுகள் வெளிறிய ஒரு வகைக்குப் ‘பொன்’ என்று பெயர். அந்த வெளிறலுக்குக் காரணமான மரபணு எஸ்.எல்.சி.24.ஏ.5 என்பதைப் பென்சில்வேனியாவில் கீத் செங் குழுவினர் 2005இல் அறிவித்தார்கள். அடையாளம் சேர்த்த புரதம், வளர்ப்புச் செல்களின் வெளிச்சவ்வில் அன்றி உட்புறத்தே தங்கியிருந்தது. மெலனின் உருவாகும் நுண்பைகளில் அதற்கு வேலை இருக்கிறது என்று அவர்கள் கருத அது துணைசெய்தது. அதே மரபணுவின் மனித வடிவத்திலிருந்து ஆக்கிய ஆர்.என்.ஏ.வைப் பொன்மீனின் கருவில் செலுத்தியபோது, கருநிறம் திரும்பிற்று.

மனிதரில் இப்புரதத்தின் 111ஆவது அமினோ அமிலம் இரு வகையாக அமைகிறது. ஐரோப்பியரில் ஏறத்தாழ அனைவரிடமும் ஒரு வகையே. ஆப்பிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் பெரும்பாலும் மற்றது. நம் துணைக்கண்டத்தில் இரண்டும் கலந்தே வாழ்கின்றன. ஆகவே ஒரே தாய்தந்தையின் பிள்ளைகள் இதில் வேறுபடலாம். நிறத்தைத் தீர்மானிப்பது இம்மரபணு மட்டுமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் இருவரில் எவருக்கு எது வாய்த்தது என்று நாங்கள் சோதித்துப் பார்க்கவுமில்லை; பார்க்கப் போவதுமில்லை.

எங்களை நிறுத்தியது வேறொன்று. வெளிறிய மீனுக்குக் கருமை திரும்புவதை ஆய்வாளர்கள் ‘மீட்பு’ என்கிறார்கள். இழந்த செயலை மரபணு மீண்டும் பெறுவதைக் குறிக்கும் வழக்குச்சொல் அது. நிறத்தைப் பற்றிய தீர்ப்பு ஏதும் அதில் இல்லை. ஆயினும், வெளுப்பதை மட்டுமே மீட்பாக எண்ணும் வீட்டில் வளர்ந்த எங்களுக்கு, அச்சொல்லை வாசித்த அன்று நெடுநேரம் பேசிக்கொள்ள நிறைய இருந்தது.