சின்னத் தொப்பிக்குச் சின்னக் கூலி

ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு. லேஸ் போடவும் மெஷின் உண்டு. கொக்கி ஊசியால் போடும் குரோஷாவுக்கு மட்டும் தொழிற்சாலையில் ஓடக்கூடிய மெஷின் இன்றுவரை வரவில்லை. ‘குரோஷா மெஷின்’ என்று விற்பதெல்லாம் வேறு வகைப் பின்னலைப் போடும். தூரத்துப் பார்வைக்கு ஒத்திருக்கும், அவ்வளவுதான். குரோஷாவில் கொக்கி எந்தப் பக்கமும் திரும்பும், முன்பு போட்ட எந்தக் கண்ணிக்குள்ளும் நுழையும், நினைத்த இடத்தில் புடைக்க வைக்கும். அந்த லாகவம் கைக்குத்தான் வாய்த்திருக்கிறது. ஆகவே எந்த ஊர்க் கடையில், எவ்வளவு மலிவாகத் தொங்கினாலும், ஒரு குரோஷா தொப்பி என்பது யாரோ ஒருவர் உட்கார்ந்து போட்டது. அந்த ‘யாரோ’வைப் பார்க்கத்தான் நரசாபுரம் போனேன்.

ஆந்திரத்தில் மேற்கு கோதாவரி மாவட்டம். விஜயவாடாவில் ரயில் மாறி பீமவரம் பக்கம் வந்தால் வயலும் இறால் குளங்களும் தென்னையுமாகக் கண் நிறையும். நரசாபுரத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வசிஷ்ட கோதாவரி, பிறகு கடல். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரி குடும்பம் ஒன்று இங்கே மதம் மாறிய ஏழைப் பெண்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கன்னிமாடங்கள் பட்டினிக் குடும்பங்களுக்குக் குரோஷா ஊசியைக் கொடுத்துப் பிழைக்கவைத்தன. இந்த ஊசி போன இடமெல்லாம் வறுமைக்கு மருந்தாகத்தான் போயிருக்கிறது. மருந்து வேலை செய்ததா என்பது வேறு கதை.

எனக்குத் தெலுங்கு அரைகுறை. சென்னை சூளைமேட்டில் வளர்ந்து இங்கே வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் கூட வந்தார். அவர் அழைத்துப்போன வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்து கை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக மெல்லிய நூலில் மேஜை விரிப்பும் தலையணை உறையும் போடுகிறவர்கள். இந்தமுறை வந்திருந்த ஆர்டர் வேறு: தடித்த பருத்தி நூலில், அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஜோடியாகப் போட்டுக்கொள்ளும் வேடிக்கைத் தொப்பி. உச்சியில் கொட்டைக் கொட்டையாகப் புடைப்புகள், இரண்டு காதுகள், பிடரியில் முதலைத்தோல் மாதிரி செதில் வரிசை. “இதைப் போட்டுக்கொண்டு பெரியவர்கள் தெருவில் நடப்பார்களாம்!” என்று ஒரு பாட்டி சொல்ல, திண்ணை முழுக்கச் சிரிப்பு.

தொப்பி உச்சியிலிருந்து ஆரம்பிக்கிறது. நூலை விரலில் வளையமாகச் சுற்றி, அதற்குள் ஆறு குட்டைப் பின்னல். அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு. சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாக விரியும். ஆறுக்கு மேல் கூட்டினால் ஓரம் அலை அலையாக நெளியும். குறைத்தால் கிண்ணமாகக் குழியும். பெரியவர் தலைச்சுற்று 56 செ.மீ. என்று வைத்தால் வட்டம் 18 செ.மீ. அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்த வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு 50 செ.மீ. தலை, 16 செ.மீ. வட்டம். அப்புறம் கூட்டாமல் சுற்றிச் சுற்றிப் போட்டால் சுவர் தானாக இறங்குகிறது. இதில் யாரும் டேப் எடுத்துப் பார்க்கவில்லை. ஆர்டர் பிடித்துத் தருகிற ஏஜென்ட் அம்மாள் இரண்டு அளவிலும் எவர்சில்வர் பாத்திரங்களை வீட்டில் வைத்திருக்கிறார். முடிந்த தொப்பியைத் துவைத்து, லேசாகக் கஞ்சி போட்டு, அதன்மேல் கவிழ்த்துக் காயவைப்பார். ஒருத்தர் கை இறுக்கம், இன்னொருத்தர் கை தளர்ச்சி. அந்த வித்தியாசத்தையெல்லாம் பாத்திரம் சமன் செய்துவிடும். அதற்கும் அடங்காமல் அளவு தப்பினால் தொப்பி திரும்பி வரும், பிரித்துப் போட வேண்டியதுதான்.

புடைப்புதான் நேரத்தைத் தின்கிறது. ஒரே கண்ணிக்குள் ஐந்து உயரப் பின்னலை ஆரம்பித்து, ஐந்தையும் பாதியில் விட்டு, ஊசியில் ஆறு கண்ணி சேர்ந்ததும் நூலைப் பிடித்து ஒரே இழுப்பில் மூட வேண்டும். பக்கத்தில் ஒரு குட்டைப் பின்னல் போட்டு இறுக்கினால் பட்டாணி அளவுக்கு உப்பிக்கொள்ளும். ஆனால் உப்புவது நம்மைப் பார்த்து அல்ல, பின்பக்கம். அதனால் திண்ணையில் இருந்த ஒரு அக்கா தொப்பியின் உட்புறத்தை வெளியே வைத்துக்கொண்டு, தான் போடுவதைத் தான் பார்க்காமலே போட்டுக்கொண்டு போனார். ஆள்காட்டி விரல் மட்டும் பின்னால் ஒவ்வொரு கொட்டையாகத் தடவி எண்ணிக்கொண்டிருந்தது. அந்த விரலின் பக்கவாட்டில், நூல் ஓடி ஓடி, கோடு போட்டது போல ஒரு காய்ப்பு.

செதில் இன்னும் மோசம். ஜோடி ஜோடியாகக் கால் நட்டு, ஒரு காலில் மேலிருந்து கீழே ஐந்து உயரப் பின்னல், தொப்பியைத் திருப்பி அடுத்த காலில் கீழிருந்து மேலே ஐந்து. ஒரு செதிலுக்குப் பத்து. கண் சலித்தால் ஒன்பதில் நின்றுவிடும், செதில் கோணிக்கொள்ளும்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நூலை எடை போட்டுக் கொடுக்கிறார்கள், தொப்பியை எடை போட்டு வாங்குகிறார்கள். கூலி அளவைப் பார்த்து: பெரிய தொப்பிக்கு ஒன்று, சின்னதற்கு அதைவிட நன்றாகவே குறைவாக ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைத் தொப்பிக்கும் காது இரண்டுதான், செதிலும் அதே எண்ணிக்கை. புடைப்பில் கொஞ்சம்தான் குறையும். வெறுமனே சுற்றிக்கொண்டு போகிற, கை தானாக ஓடுகிற சுற்றுகள்தான் மிச்சமாகின்றன. “சின்னதில் நூல்தான் குறைச்சல், வேலை குறைச்சலா?” என்று அக்கா என்னைக் கேட்டார், நான்தான் கூலி போட்டவன் மாதிரி. எவ்வளவு என்று சொன்னார். எழுத வேண்டாம் என்றும் சொன்னார், ஏஜென்ட் அம்மாளுக்குச் சங்கடமாம். எழுதவில்லை. சமையல் முடித்து உட்கார்ந்து விளக்கு வைக்கும்வரை போட்டால் ஒன்று முடியும் என்பதையும், அதே பொழுதில் தோப்பு வேலைக்குப் போனால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

தோப்புக்கு ஏன் போகவில்லை? இதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் விடை எழுதிவிட்டார். மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1970களின் கடைசியில் இங்கே தங்கி ஆராய்ந்து, நரசாபுரத்து லேஸ் பெண்களைப் பற்றி 1982இல் புத்தகம் வெளியிட்டார். வீட்டைவிட்டு வெளியே வேலைக்குப் போகாதது கௌரவம் என்று நினைத்த காப்பு சாதி ஏழைக் குடும்பங்களுக்கு இந்த ஊசி வசதியாகப் போனது. வீட்டிலிருந்தே செய்வதால் அது வேலை என்றே கணக்கில் வரவில்லை. ‘இல்லத்தரசி, ஓய்வு நேரத்தில் செய்கிறாள்’ என்றார்கள். அன்றைக்கு நாள் வருமானம் ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. உலகச் சந்தைக்குப் போகிற சரக்கு, செய்தவர் பெயர் தொழிலாளர் பட்டியலில் இல்லை. இன்று கூலி ஏறியிருக்கிறது, சாதிக் கட்டும் தளர்ந்திருக்கிறது. அந்த ‘ஓய்வு நேரம்’ என்ற பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த வீட்டிலேயே ஒரு மாமா அதைத்தான் சொன்னார்: “சும்மா இருக்கிற நேரத்துல போடுறதுதானே?”

சென்னையிலும் குரோஷா போடுகிறவர்கள் ஏராளம். 2016 ஜனவரியில் அங்கே 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஒன்றை இணைத்துக் கின்னஸ் சாதனையே செய்தார்கள். அது மகிழ்ச்சிக்குச் செய்கிற வேலை; நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ‘ஓய்வு நேரக் கலை’ என்ற பெயர் அவர்களுக்குப் பொருந்தும். அதே பெயரை இந்தத் திண்ணைக்கும் ஒட்டும்போதுதான் விலை சரிகிறது.

2024இல் நரசாபுரம் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல சங்கதி. சீனச் சரக்கை நரசாபுரம் என்று சொல்லி விற்க முடியாது. ஊர்ப் பெயர் காப்பாற்றப்படும். ஆனால் அந்தக் குறியீடு சரக்குக்கு, கூலிக்கு அல்ல. திண்ணையில் இருந்தவர்களில் ஒருவர்தான் அதைக் கேள்விப்பட்டிருந்தார். அதுவும் மகன் கைபேசியில் காட்டியதால்.

குரோஷா தொப்பி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொப்பியின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். புடைப்பு ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குழி தெரியும். எண்ணிவிட்டு, பேரம் பேசுவதா என்று முடிவு செய்யுங்கள். ஆர்டர் பிடித்துத் தருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கம்: அளவைப் பார்த்துக் கூலி போடுவதை விட்டு, போடுகிறவரை எதிரில் உட்காரவைத்து ஒரு மாதிரித் தொப்பி போடச் சொல்லி, ஆன நேரத்துக்குக் கூலி போடுங்கள். அப்படிப் போட்டால் பிள்ளைத் தொப்பியின் கூலி பெரிய தொப்பியின் கூலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதுதான் நியாயமான விலை.